சம்பளம் தராத கால்பந்து கிளப்: கொரிந்தியன்-கேஷுவல்ஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை மதியம் டோல்வொர்த்துக்கு மேட்ச் பார்க்கப் போகிறேன் என்று சொன்னாலே நண்பர்கள் ஒரே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். செல்சி, ஆர்சனல் எல்லாம் இருக்கிற ஊரில் இருந்துகொண்டு, சில நூறு பேர் கூடினாலே பெரிய கூட்டம் என்று சொல்லப்படும் ஒரு கிளப்பின் பின்னால் ஏன் அலைகிறாய் என்பது அதில் முதல் கேள்வி. ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகத் தட்டச்சு செய்து அலுத்துவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

எந்த கிளப், எங்கே இருக்கிறது?

கொரிந்தியன்-கேஷுவல்ஸ். லண்டனின் தென்மேற்கு ஓரத்தில், கிங்ஸ்டன் பகுதியைச் சேர்ந்த டோல்வொர்த் என்ற புறநகர். நியூ மால்டன், டூட்டிங் பக்கம் இருக்கும் தமிழர்களுக்கு ரொம்பத் தூரமில்லை. ஏ3 நெடுஞ்சாலையில் போனால் டோல்வொர்த் டவர் என்று உயரமான பழைய கட்டடம் ஒன்று கண்ணில் படும், அதிலிருந்து கிட்டத்தான் மைதானம். பெயர் கிங் ஜார்ஜஸ் ஃபீல்டு. 1988-ல்தான் இங்கே வந்தார்கள். அதற்கு முன் பல வருடம் வாடகைக் குடித்தனம்தான், 1950-களில் ஓவல் கிரிக்கெட் மைதானத்தில்கூட ஆடினார்கள்.

நிஜமாகவே ஆட்டக்காரர்களுக்கு ஒரு பைசா கூடக் கிடையாதா?

கிடையாது. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

இங்கிலாந்தில் பிரீமியர் லீகுக்குக் கீழே படிப்படியாக லீகுகள் இறங்கிக்கொண்டே போகும். ஏழாவது, எட்டாவது படியில் ஆடும் பையன்களில் பெரும்பாலானவர்களுக்கு வேறு வேலை உண்டு. செவ்வாய், வியாழன் மாலை பயிற்சி, சனிக்கிழமை மேட்ச். ஆனாலும் வாரத்துக்கு ஏதோ ஒரு தொகை கையில் வரும். கேஷுவல்ஸில் அதுவும் வராது. கஜானா காலி என்பதால் அல்ல, தருவதில்லை என்பதே கிளப்பின் விதி. போன வாரம் இங்கே இரண்டு கோல் போட்ட பையன் இந்த வாரம் பக்கத்து ஊர் கிளப்பின் சட்டையில் இருப்பான், அவர்கள் ஏதாவது தருகிறார்கள் என்பதால். யாரும் அவனைத் திட்டுவதில்லை. வாடகை, பெட்ரோல் எல்லாம் இருக்கிறதல்லவா?

அப்படிப் பணம் தரும் கிளப்புகளோடுதான் மோதி 2018-ல் ஏழாவது படிக்கு, அதாவது இஸ்த்மியன் லீகின் பிரீமியர் டிவிஷனுக்கு, ஏறினார்கள். 2023-ல் இறங்கிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். ஐந்து வருடம் தாக்குப்பிடித்ததே எனக்கு ஆச்சரியம்.

யார் ஆரம்பித்தது? எதற்காக?

ஸ்காட்லாந்திடம் வாங்கிய அடிதான் காரணம். 1872-லிருந்து 1882 வரை இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் பதினொரு முறை மோதின. இங்கிலாந்து ஜெயித்தது இரண்டே இரண்டு. 1878-ல் 7-2, 1881-ல் சொந்த ஊரான லண்டனிலேயே 6-1, 1882-ல் 5-1 என்று உதை. ஸ்காட்லாந்துக்காரர்கள் ஒரே கிளப்பில் சேர்ந்து ஆடிப் பழகியவர்கள், பந்தை ஒருவருக்கொருவர் கடத்திக் கடத்திக் கொண்டுபோவார்கள். இங்கிலாந்து வீரர்களோ மேட்ச் அன்றைக்குத்தான் முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள், பந்து கிடைத்தால் ஆளாளுக்குத் தனியாக ஓட்டம்.

இங்கிலாந்து கால்பந்து சங்கத்தில் துணைச் செயலாளராக இருந்த என்.எல். ஜாக்சன் என்பவர், நல்ல ஆட்டக்காரர்களை வாரத்தில் சேர்ந்து ஆட வைத்தால் பழக்கம் வரும் என்று 1882-ல் கொரிந்தியன் கிளப்பைத் தொடங்கினார். அவருக்குச் செல்லப்பெயர் 'பா', நம் 'அப்பா'தான். சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், ஈட்டன், சார்ட்டர்ஹவுஸ் என்று படித்த பணக்கார வீட்டுப் பிள்ளைகள்.

கொரிந்தியன் என்றால் பைபிளில் வரும் கொரிந்தியர்தானா?

ஊர் அதே ஊர்தான், பவுல் நிருபம் எழுதிய கிரேக்கத்து கொரிந்து. ஆனால் கிளப்புக்கும் நிருபத்துக்கும் சம்பந்தமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் கொரிந்தியன் என்றால், காசுக்காக இல்லாமல் ஆசைக்காகக் குதிரை ஓட்டி, குத்துச்சண்டை போட்டுத் திரியும் பணக்கார மைனர். அந்த அர்த்தத்தில் வைத்த பெயர். வேடிக்கை என்னவென்றால் இவர்கள் பல காலம் ஆடிய இஸ்த்மியன் லீகின் பெயரும் கொரிந்து பக்கத்திலிருந்தே வருகிறது. பழைய கிரேக்கத்தில் அங்கே நடந்த விளையாட்டு விழாதான் இஸ்த்மியன் விளையாட்டுகள்.

அவ்வளவு பெரிய டீமா? கேள்விப்பட்டதே இல்லையே?

சில ஸ்கோர்களைச் சொல்கிறேன். 1884-ல் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கால்பந்து சங்கத்தின் கோப்பையை, அதாவது எஃப்.ஏ. கோப்பையை, வென்றது, அதே வருடம் கொரிந்தியன் அவர்களை 8-1 என்று வென்றது. அதே கோப்பையின் 1903 இறுதிப்போட்டியில் 6-0 என்று ஜெயித்து பரி கிளப் சாதனை படைத்தது (அதைச் சமன் செய்யவே 2019 வரை, மான்செஸ்டர் சிட்டி வரை, காத்திருக்க வேண்டியிருந்தது). அந்த பரியை 1904-ல் கொரிந்தியன் 10-3. அதே 1904 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டை 11-3. நட்பு ஆட்டம்தான், கணக்கில் வராது, ஆனாலும் பதினொன்று பதினொன்றுதானே.

1894-லும் 1895-லும் வேல்ஸுக்கு எதிராக இறங்கிய இங்கிலாந்து அணியில் பதினொரு பேரும் கொரிந்தியன்காரர்கள். ஆள்களும் சாதாரண ஆள்கள் இல்லை. கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஆர்.இ. ஃபாஸ்டரைத் தெரிந்திருக்கும், 1903-ல் சிட்னியில் முதல் டெஸ்டிலேயே 287 அடித்தவர். கிரிக்கெட், கால்பந்து இரண்டிலும் இங்கிலாந்துக்குத் தலைவராக இருந்த ஒரே ஆள் அவர். ரஞ்சித்சிங்ஜியின் நண்பர் சி.பி. ஃப்ரை இங்கே தடுப்பாட்டக்காரர். வால்டர்ஸ் சகோதரர்கள் இரண்டு பேர், ஒருவருக்கு முதலெழுத்து ஏ.எம்., மற்றவருக்கு பி.எம். அந்தக் காலத்துப் பத்திரிகைக்காரர்கள் சும்மா விடுவார்களா? ஒருவர் 'காலை', இன்னொருவர் 'மதியம்' ஆகிவிட்டார்கள்.

இந்தக் கும்பலில் எனக்குப் பிடித்தவர் ஆண்ட்ரூ வாட்சன். இன்றைய கயானாவில் பிறந்தவர், உலகின் முதல் கறுப்பினச் சர்வதேச கால்பந்து வீரர். மேலே சொன்ன 1881-ன் 6-1 ஆட்டத்தில் ஸ்காட்லாந்தின் தலைவரே அவர்தான். அந்தத் தோல்விக்கு மருந்தாகத் தொடங்கிய கிளப்பிலேயே பிறகு சேர்ந்தார். பிளாக்பர்னை 8-1 என்று நொறுக்கிய அணியிலும் அவர் உண்டு.

பெனால்டி வந்தால் வேண்டுமென்றே வெளியே அடிப்பார்களாமே?

1891-ல் பெனால்டி விதி வந்தபோது இவர்கள் முகம் சுளித்தது உண்மை. எதிராளியை வேண்டுமென்றே தடுக்கி விழ வைக்கும் ஆள் நம்மில் இருப்பான் என்று ஒரு விதியே நினைக்கிறதே, இது அவமானமில்லையா என்பது அவர்கள் வாதம், ஃப்ரை இதை எழுதியே வைத்திருக்கிறார். தங்களுக்கு எதிராக பெனால்டி என்றால் கோல்கீப்பர் கம்பத்தில் சாய்ந்து நின்று எதிராளியைக் கோல் போட விடுவார், தங்களுக்குக் கிடைத்தால் மேலே தூக்கி அடித்துவிடுவார்கள் என்பது திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. ஒவ்வொரு முறையும் அப்படித்தான் நடந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். சொல்லிச் சொல்லிக் கொஞ்சம் ஊதியிருக்கும்.

இவ்வளவு நல்ல டீம் என்றால் கோப்பைகள் எங்கே?

ஆரம்பத்தில் கோப்பை, பரிசு எதற்கும் போட்டியிடக்கூடாது என்பதே விதி. 1898-ல் லண்டன் ஷெரீஃப் தர்மக் கேடயத்துக்காக, அதன் வசூல் தர்மத்துக்குப் போகிறது என்று, விதியைத் தளர்த்தினார்கள். எஃப்.ஏ. கோப்பையில் காலை வைத்தது 1922-23 பருவத்தில். அதற்குள் நல்ல காலம் முடிந்துவிட்டது. 1924-ல் முதல் டிவிஷன் பிளாக்பர்னை 1-0 என்று வெளியேற்றினார்கள், அதுதான் அந்தக் கோப்பையில் அவர்களுடைய பெரிய நாள். 1927 ஜனவரியில் கிரிஸ்டல் பேலஸில் நியூகாசிலிடம் 3-1 என்று தோற்ற ஆட்டத்தை பிபிசி நேரடியாக ஒலிபரப்பியது, எஃப்.ஏ. கோப்பை வரலாற்றில் ரேடியோவில் வந்த முதல் ஆட்டம் அது.

காசு வேண்டாம் என்றது உயர்ந்த கொள்கையா, பணக்காரத் திமிரா?

இரண்டும்தான். திமிர் கொஞ்சம் தூக்கல்.

வடக்கே லங்காஷயரில் நூற்பாலைத் தொழிலாளி சனிக்கிழமை ஆட்டத்துக்காக வேலையை விட்டு வந்தால் அன்றைய கூலி போய்விடும். அவன் காசு கேட்டது பேராசை இல்லை. 1885-ல் சம்பளம் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது அப்படித்தான். அப்பா சொத்து, வக்கீல் வேலை, பள்ளி ஆசிரியர் வேலை என்று வசதியோடு இருந்தவர்கள், காசு வாங்கினால் விளையாட்டு கெட்டுவிடும் என்று சொல்வது எளிது. அதிலும், பயணச் செலவு, விடுதிச் செலவு என்று கொரிந்தியன் கிளப் கேட்ட தொகை சம்பளத்தைவிட அதிகமாக வருகிறதே என்று அன்றே கிண்டல் இருந்தது.

ஆனால் அதே விதி இன்று டோல்வொர்த்தில் தலைகீழாகிவிட்டது. இப்போது காசில்லாமல் ஆடுகிறவர்கள் பணக்காரப் பிள்ளைகள் இல்லை. பள்ளியில் பாடம் எடுத்துவிட்டு, எங்கோ வயரிங் வேலை பார்த்துவிட்டு, டெலிவரி வேனை நிறுத்திவிட்டு வருகிற மாதிரிப் பையன்கள். பணம் தேவைப்படாதவன் வேண்டாம் என்று சொன்னதும், தேவைப்படுகிறவன் பரவாயில்லை என்று சொல்வதும் ஒன்றாகுமா? விதிப்புத்தகத்தில் வரி ஒன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு இந்த கிளப் பிடித்ததே இரண்டாவது ஆளால்தான், பா ஜாக்சனால் இல்லை.

அப்படியென்றால் கேஷுவல்ஸ் யார்?

அது தனி கிளப், 1883-ல் தொடங்கியது, இவர்களும் அமெச்சூர்கள்தான், அதாவது காசு வாங்காமல் ஆடுகிறவர்கள். ஆனால் போட்டிகளில் கலந்துகொள்ளத் தயங்காதவர்கள். 1905-ல் இஸ்த்மியன் லீகைத் தொடங்கிய ஆறு கிளப்புகளில் ஒன்று. அந்த லீகிலும் ஆரம்பத்தில் கோப்பையோ பதக்கமோ கிடையாது. கௌரவமே போதும் என்று லத்தீனில் குறிக்கோள் வேறு. 1936-ல் இல்ஃபோர்டை மறு ஆட்டத்தில் 2-0 என்று வென்று எஃப்.ஏ. அமெச்சூர் கோப்பையை எடுத்தார்கள். அந்த அணியின் பெர்னார்ட் ஜாய் அதே வருடம் பெல்ஜியத்துக்கு எதிராக இங்கிலாந்துக்கு ஆடினார். முழு இங்கிலாந்து அணிக்கு ஆடிய கடைசி அமெச்சூர் அவர்.

1939-ல் இரண்டு கிளப்பும் இணைந்தன. கேஷுவல்ஸின் நிறம் சாக்லெட்டும் பிங்க்கும். முதலில் பார்த்தபோது பேக்கரி யூனிஃபார்ம் மாதிரி இருக்கிறதே என்றுதான் தோன்றியது, இப்போது அந்த மஃப்ளர்தான் என் கழுத்தில்.

பிரேசில் கொரிந்தியன்ஸுக்கும் இவர்களுக்கும் என்ன உறவு?

சாவ் பாவ்லோவின் அந்தப் பெரிய கிளப்புக்குப் பெயர் கொடுத்ததே இவர்கள்தான்.

இதன் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. 1907-ல் சம்பளக்காரர் கிளப்புகளையும் மாவட்டச் சங்கங்களில் சேர்க்க வேண்டும் என்று கால்பந்து சங்கம் சொன்னது, கொரிந்தியன் மாதிரி கிளப்புகள் கோபித்துக்கொண்டு தனிச் சங்கம் கண்டன. விளைவு, 1914 வரை இங்கிலாந்தின் நல்ல அணிகளோடு ஆட முடியாமல் போயிற்று. உள்ளூரில் ஆள் இல்லை என்றால் கப்பல் ஏற வேண்டியதுதான். ஏற்கெனவே 1897-லேயே தென்னாப்பிரிக்கா போய் வந்தவர்கள். 1910-ல் ஃப்ளூமினென்ஸே கிளப்பின் அழைப்பில் பிரேசில் போனார்கள், அழைத்தவர்களையே 10-1 என்று அடித்துவிட்டு சாவ் பாவ்லோவுக்கு வந்தார்கள்.

அப்போது பிரேசிலில் கால்பந்து பணக்காரர் சங்கதி. போம் ரெடிரோ என்ற தொழிலாளர் பேட்டையைச் சேர்ந்த ஐந்து பேர் இவர்களுடைய ஆட்டத்தில் மயங்கி, 1910 செப்டம்பர் 1 அன்று இரவு தெருவிளக்கு வெளிச்சத்தில் நின்று சொந்தமாக ஒரு கிளப் ஆரம்பிக்க முடிவெடுத்தார்கள். முதல் தலைவர் ஒரு தையல்காரர். பெயர் மட்டும் ஆங்கிலேய மைனர்களுடையது, கிளப் உழைக்கிறவர்களுடையது. காசு வாங்குகிறவனைக் கீழாகப் பார்த்த கூட்டத்தின் பெயரைச் சொல்லி இன்று கோடிக்கணக்கான ஏழை ஜனம் கத்துகிறது. ஜாக்சனுக்கு இது பிடித்திருக்குமா என்று அடிக்கடி யோசிப்பேன்.

1914-ல் கொரிந்தியன் மறுபடி பிரேசிலுக்குக் கிளம்பினார்கள். கடலில் போய்க்கொண்டிருக்கும்போதே உலகப்போர் மூண்டது. ஒரு ஆட்டம்கூட ஆடாமல் திரும்பி, பலர் நேராகப் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். நிறையப் பேர் உயிரோடு வரவில்லை. கிளப் அதிலிருந்து முழுசாக எழவே இல்லை.

இரண்டு கிளப்பும் பிறகு மோதியதுண்டா?

உண்டு. 1988-ல் சாவ் பாவ்லோவின் பக்கேம்பு மைதானத்தில் ஆடினார்கள். ஓய்வு பெற்றிருந்த சோக்ரட்டீஸ் (1982 உலகக் கோப்பையில் பிரேசிலின் தலைவர், டாக்டருக்குப் படித்தவர்) பிரேசில் பக்கம் ஆடி ஒரு கோல் போட்டார். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் சட்டையை மாற்றிக்கொண்டு கேஷுவல்ஸ் பக்கம் வந்துவிட்டார். அவ்வளவு பெரிய ஆள் பந்தை வைத்துக்கொண்டு நம் பக்கம் ஓடிவந்தால் சனி மாலை ஆட்டக்காரனுக்கு எப்படி இருந்திருக்கும்!

2015 ஜனவரியில் இன்னொரு முறை. சாவ் பாவ்லோ கொரிந்தியன்ஸ் 2012-ல் செல்சியை வென்று கிளப் உலகக் கோப்பை எடுத்திருந்த சமயம். 2014 உலகக் கோப்பையின் முதல் ஆட்டம் நடந்த அதே மைதானத்தில், இருபதாயிரத்துக்கும் மேல் ரசிகர்கள் முன்னால் கேஷுவல்ஸ் 3-0 என்று தோற்றார்கள். மூன்றோடு நின்றதே பெரிசு. விடுப்பு எடுத்துக்கொண்டு போனவர்கள், திங்கட்கிழமை நினைவோடு ஆடியவர்கள்.

1956 என்று அந்தக் காலத்து ஆள்கள் பெருமூச்சு விடுகிறார்களே?

அமெச்சூர் கோப்பை இறுதிப்போட்டி, வெம்ப்ளி. எதிரே பிஷப் ஆக்லாண்ட், வடக்கத்திய அமெச்சூர் ராஜாக்கள். 1-1. மிடில்ஸ்பரோவில் மறு ஆட்டத்தில் 4-1 என்று தோல்வி. இணைந்த கிளப் அதற்குப் பிறகு அவ்வளவு பெரிய மேடைக்கு வந்ததே இல்லை.

பிறகு ஏன் இப்படிச் சறுக்கினார்கள்?

1974. அந்த வருடத்தோடு அமெச்சூர், சம்பளக்காரர் என்ற பிரிவையே கால்பந்து சங்கம் எடுத்துவிட்டது. அதற்கு முன்னாலேயே பல 'அமெச்சூர்' கிளப்புகளில் ஆட்டம் முடிந்து பூட்ஸுக்குள் கையை விட்டால் நோட்டு இருக்கும், எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் அது. 1974-க்குப் பிறகு ரகசியமும் தேவையில்லை. எல்லோரும் வெளிப்படையாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள், இவர்கள் கொடுக்கவில்லை. வருடா வருடம் அட்டவணையின் அடியில் கிடந்து, சொந்த மைதானமும் இல்லாமல், 1984-ல் இஸ்த்மியன் லீகை விட்டே வெளியேறினார்கள். திரும்பி வர 1997 ஆயிற்று. நடுவில் டோல்வொர்த் கிடைக்காமல் போயிருந்தால் கிளப் கதை முடிந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

பிரபலமான யாராவது இங்கிருந்து போயிருக்கிறார்களா?

ஆலன் பார்டியூ. கிரிஸ்டல் பேலஸுக்காக 1990 எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் லிவர்பூலை 4-3 என்று வீழ்த்திய அந்தக் கடைசி கோலைப் போட்டவர், பிறகு நியூகாசில் மேனேஜர். சின்ன கிளப்புகளில் அலைந்த காலத்தில் இங்கேயும் ஆடினார்.

ரியல் மாட்ரிட்டின் வெள்ளைச் சட்டை இவர்களைப் பார்த்துத்தானாமே?

அப்படித்தான் சொல்வார்கள். கொரிந்தியன் வெள்ளை அணிந்தது உண்மை. மிச்சத்தை டீ குடிக்கும்போது பேசிக்கொள்ளலாம்.

1937-ல் இந்தியாவுக்கு வந்து ஆடிய கொரிந்தியன்ஸ் இவர்களா?

இல்லை, நிறையப் பேர் குழப்பிக்கொள்வது இங்கேதான். வந்தது இஸ்லிங்டன் கொரிந்தியன்ஸ் என்ற வேறொரு லண்டன் அமெச்சூர் கிளப், 1937-38-ல் உலகச் சுற்றுப்பயணமாக இந்தியா, பர்மா, மலாயா என்று போனவர்கள். டாக்காவில் 1-0 என்று தோற்றுப்போனதும் அவர்கள்தான். பெயர் மட்டும்தான் சொந்தம்.

போய்ப் பார்க்க வேண்டும் என்றால்?

வாட்டர்லூவிலிருந்து செஸ்ஸிங்டன் போகும் ரயிலில் ஏறி டோல்வொர்த்தில் இறங்குங்கள், அங்கிருந்து நடை. சனிக்கிழமை மூன்று மணி ஆட்டம்தான் நல்லது. கம்பிக்குப் பக்கத்திலேயே நிற்கலாம், கோல்கீப்பர் திட்டுவது தெளிவாகக் கேட்கும். கறுப்பு வெள்ளைச் சட்டையில் போர்த்துகீசியம் பேசிக்கொண்டு யாராவது கிளப் கடையை மொய்த்தால் ஆச்சரியப்படாதீர்கள், சாவ் பாவ்லோவிலிருந்து வந்தவர்களாக இருப்பார்கள். லண்டனுக்குச் சுற்றுலா வந்து, பிக் பென்னைப் பார்த்த கையோடு இங்கே வருகிற ஜாதி. அவர்களிடம் 1910 என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், பிறகு மேட்ச் பார்க்க விடமாட்டார்கள். மழைக்கோட்டை மறக்க வேண்டாம், ஏ3 பக்கமிருந்து வரும் காற்று ஆளைத் தூக்கும்.